காசியில் நடந்த மூப்பாராய்ச்சி

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், வடமராட்சிப் பகுதியிலே, நெல்லியடி என்னும் ஊர் உள்ளது. சந்தியும் சந்தையுமாகச் சந்தடி மிக்க அவ்வூரின் பெயரிலே ஒரு மரம் நிற்கின்றது. நெல்லி தமிழர்க்கு வெறுங் கனி தரும் மரமன்று. உண்டாரை நெடுநாள் வாழச் செய்யும் நெல்லிக்கனியைப் பெற்ற அதியமான் நெடுமான் அஞ்சி, அதனைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான் என்பது புறநானூறு கூறும் செய்தி. சித்த மருத்துவரும் காயகற்ப மருந்துகளில் நெல்லிக்குச் சிறப்பிடம் அளித்தனர்.

மூப்பைத் தள்ளிப்போடும் ஆசை இவ்வாறு பழமையானது. மூப்பு உடம்பின் எவ்விடத்தில், எக்காரணத்தால் தொடங்குகின்றது என்ற ஆராய்ச்சியோ மிகப் புதியது. அவ்வாராய்ச்சியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஈடுபட்டிருந்த இந்திய விஞ்ஞானி ஒருவரைத் தமிழ் நேயர் பலர் அறியார். அவர் பெயர் மதுசூதன் கனுங்கோ.

கனுங்கோ 1927ஆம் ஆண்டு பெர்காம்பூரில் பிறந்தார். இன்று ஒடிசாவில் உள்ள அந்நகரம் அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. லக்னோவில் விலங்கியல் கற்று, அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். பின்னர் அவர் நிலைத்து ஆராய்ந்த இடம் காசி இந்துப் பல்கலைக்கழகம். முதுமையுற்றோர் தம் இறுதி நாளைக் கழிக்க விரும்பிச் செல்லும் நகரம் காசி. யாழ்ப்பாணத்தாரும் அதனை அவ்வாறே அறிவர். அந்நகரிலேயே மூப்பு ஏன் வருகின்றது என்ற வினா ஆய்வுகூடத்தில் எழுப்பப்பட்டது வியப்பான பொருத்தம்.

அவ்வினாவை அந்நாளில் அறிஞர் பலவாறு விடுத்தனர். உடம்பும் வண்டியைப் போலத் தேய்ந்து பழுதாகின்றது என்பது பொதுமக்களும் எளிதில் ஒப்பும் விளக்கம். 1952இல் பீற்றர் மெடவார் வேறொரு காரணம் கூறினார். பிள்ளை பெறும் வயது கடந்தபின் தலைகாட்டும் தீய இயல்புகளை இயற்கைத் தேர்வு எளிதில் களைய மாட்டாது. அவை தலைமுறைதோறும் தங்கிவிடும் என்பது அவர் கருத்து. 1956இல் டென்ஹாம் ஹார்மன், ஒட்சிசனைப் பயன்படுத்தும்போது உடம்பிலேயே தோன்றும் தீவிரமான துகள்கள் கலங்களைச் சிதைக்கின்றன என்றார். 1961இலோ இரண்டு செய்திகள் வெளிவந்தன. மனிதக் கலங்கள் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கப்படும்போது ஓரளவு முறையே பிரிந்து பின் நின்றுவிடுகின்றன என்று ஹேஃபிளிக்கும் மூர்ஹெட்டும் காட்டினர். பரம்பரையலகுகள் எப்போதும் ஒரே வேகத்தில் வேலை செய்வனவல்ல, தேவைக்கேற்ப எழுப்பவும் அடக்கவும் படுகின்றன என்று பிரான்சின் ஜாக்கோப்பும் மொனோவும் பற்றீரியாக்களைக் கொண்டு விளக்கினர். கனுங்கோவுக்கு வழி காட்டியது இந்த இரண்டாவது செய்தியே எனலாம். பற்றீரியாவில் எழுவதும் அடங்குவதும் நிமிடக் கணக்கு. மனிதனில் அது வயதுக் கணக்காய் நிகழ்ந்தால் என்ன?

மனிதனை வைத்து இதனை ஆராய இயலாது. ஆராய்பவரும் ஆராயப்படுபவரும் ஒருங்கே கிழவராவர். எலியின் ஆயுள் மூன்று ஆண்டை எட்டுவது அரிது. ஆகவே எலியே உற்ற துணையாயிற்று. அதிலும் ஓர் இடர் உண்டு. முதிய எலி கேட்டவுடன் கிடைப்பதன்று. நோயின்றி, பசியின்றி, இரண்டு ஆண்டு வளர்த்துக் காத்திருந்த பின்னரே ஒரு நாட்சோதனை செய்யலாம். பொறுமையில்லாதவர் இத்துறைக்கு ஆகார்.

கனுங்கோவும் அவர் மாணவர் எஸ். என். சிங்கும் 1960களில் ஆராய்ந்த பொருள் லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதியம். ஒட்சிசன் போதாத வேளையிலும் தசை சக்தி பெற உதவுவது அது. நான்கு துண்டுகள் இணைந்து அது அமைகின்றது. துண்டுகள் இரு வகைப்படும்: இதயத்தில் மிகுவது ஒன்று, எலும்புத் தசையில் மிகுவது மற்றொன்று. ஒவ்வொரு வகையையும் ஆக்குவது தனித்தனிப் பரம்பரையலகு. முதிய எலிகளின் மூளை, இதயம், தசை முதலியவற்றை இளைய எலிகளினவற்றோடு ஒப்பிட்டபோது, தசை வகையே கூடுதலாகக் குறைந்திருந்தது. அவ்வகை ஒட்சிசன் குறைந்த நிலைக்கு ஏற்றது. எனவே முதிர்ந்த உறுப்பு ஒட்சிசன் தட்டுப்பாட்டைத் தாங்கும் வல்லமையிற் குன்றுகின்றது என்று கனுங்கோ கருதினார். அதனினும் முக்கியமான கருத்து ஒன்று இதனுள் அடங்கியிருந்தது. வெறுந் தேய்மானமாயின் இரண்டும் ஏறத்தாழ ஒருபடியாகக் குறைந்திருக்க வேண்டுமே! ஒன்று கூடவும் மற்றொன்று குறையவும் தளர்வதாயின், பரம்பரையலகுகள் தெரிந்தெடுக்கப்பட்டு அடங்குகின்றன என்று நினைக்க இடமுண்டு.

1975இல் அவர் தம் கொள்கையை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். வளர்ச்சிப் பருவத்தில் தொழிற்படும் பரம்பரையலகுகளின் விளைபொருள்கள் இனப்பெருக்கப் பருவத்திற்குரியவற்றை எழுப்புகின்றன. இனப்பெருக்கக் காலத்திலோ அந்த ஒழுங்கைத் தாங்கிநிற்கும் சில காரணிகள் செலவாகிப்போகின்றன. அதன்பின் ஒழுங்கு தளர்ந்து மூப்பு தொடங்குகின்றது என்பது அதன் சாரம். 1979இல் தாக்கூர் என்னும் மாணவருடன் சேர்ந்து, டி.என்.ஏ. இழை சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களை அவர் ஆராய்ந்தார். இப்புரதங்களில் அசற்றைல் என்னும் சிறு இரசாயனக் கூட்டம் ஒட்டும்போது சுற்று நெகிழ்ந்து, பரம்பரையலகு வேலை செய்ய வழி பிறக்கும். முதிய எலியின் மூளையில் அவ்வாறு ஒட்டுவது குறைந்திருந்தது. ஈஸ்ற்றடயோல் என்னும் ஓமோன் இளையவற்றில் அதனைத் தூண்டியது போல் முதியவற்றில் தூண்டவில்லை. 1980இல் ‘பயோகெமிஸ்ட்ரி ஒஃப் ஏஜிங்’ என்ற நூலும், 1994இல் ‘ஜீன்ஸ் அண்ட் ஏஜிங்’ என்ற நூலும் எழுதினார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இக்கொள்கை முழுமையும் நிலைபெற்றதா? அவ்வாறு கூறுதல் மிகையாகும். மனிதரிடம் கிடைத்த சான்றுகள் இருபுறமும் இழுக்கின்றன. இளமையிலேயே நரை, கண்புரை, நீரிழிவு என முதுமை வந்து சூழும் வெர்னர் நோய்க்குரிய பரம்பரையலகு 1996இல் கண்டறியப்பட்டது, டி.என்.ஏ. இழையைப் பிரித்துப் பழுதுபார்க்க உதவும் நொதியத்தை ஆக்குவது அது. இது ‘பழுது’ என்ற பழைய விளக்கத்துக்கே வலுவூட்டுகின்றது. அதே ஆண்டில் டென்மார்க்கின் இரட்டையரை ஆராய்ந்தவர்கள், ஆயுள் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய நாலில் ஒன்றே என மதிப்பிட்டனர். நூறு கண்ட பரம்பரை என்று பெருமை பேசும் குடும்பத்தார் இதைக் கேட்டுச் சற்று ஏமாறக்கூடும்.

இலங்கையின் அனுபவமும் இவ்விடத்து எண்ணத்தக்கது. 1946இல் இந்நாட்டாரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 43 ஆண்டு. 1947இல் அது 52 ஆண்டளவுக்கு உயர்ந்தது. மலேரியாவை ஒடுக்க டி.டி.ரீ. தெளித்த காலம் அது. அதன் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். எப்படியாயினும் ஓராண்டில் ஒரு மக்களின் பரம்பரையலகு மாறியிருக்க முடியாது. சாவைத் தள்ளிவைத்தல் வேறு, மூப்பைத் தள்ளிவைத்தல் வேறு. முன்னது சுகாதாரத்தால் இயன்றது. சுகாதாரம் காப்பாற்றிய குழந்தைகள் முதியோரானபோது எழும் வினாவே கனுங்கோ எடுத்துக்கொண்ட வினா.

அவர் 2011ஆம் ஆண்டு காலமானார். ஈராண்டு கழித்து, கலிபோர்னியாவில் ஸ்ரீவ் ஹோவத் என்பவர், மனித டி.என்.ஏ.யில் 353 இடங்களில் மீதைல் என்னும் மற்றொரு சிறு கூட்டம் ஒட்டியிருக்கும் அளவை நோக்கி ஒருவரின் வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். எழுத்து மாறாமலே, எழுத்தின்மேல் இடப்படும் குறிகள் வயதோடு மாறுகின்றன என்பது அதிற் புலனாயிற்று. அக்குறிகள் மூப்பின் காரணமா, அன்றி அதன் அடிச்சுவடு மட்டுந்தானா என்பது இன்றும் முடியாத வழக்கு.