ஆச்சியின் கேசட்டும் ரெண்டு வகை சிடியும்

2002-ல் நியூஜெர்சியிலிருந்து வந்த மாமா ஒரு சிடி ரெக்கார்டர் கொண்டுவந்தார். கம்ப்யூட்டருக்குள் மாட்டுவது இல்லை. டேப் டெக் மாதிரி மேசைமேல் தனியாக வைக்கிற பெட்டி. என்னிடம் ஆச்சி பாடிய ஒப்பாரிகள் ஏழு கேசட்டில் இருந்தன. ஆச்சி போய் நாலு வருசம். கேசட்டில் பூசணம் பிடிக்க ஆரம்பித்திருந்தது.

ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, கடையில் கிடைத்த வெற்று சிடியைப் போட்டேன். பெட்டி ஏற்கவில்லை. மூணு கடை, மூணு பிராண்ட், அதே கதை. பெட்டி ரிப்பேர் என்றுதான் நினைத்தோம். ரிப்பேர் இல்லை, சட்டம் என்பது பிறகுதான் தெரிந்தது.

1987-ல் டிஏடி என்ற டிஜிட்டல் டேப் வந்தபோதே அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளுக்குக் கிலி. கேசட்டில் நகலின் நகல் எடுத்தால் இரைச்சல் கூடும், டிஜிட்டலில் கூடாதே! இழுபறிக்குப் பிறகு 1992-ல் அங்கே வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம் வந்தது. டிஜிட்டல் ரெக்கார்டர் விலையில் 2 சதவீதமும் வெற்று நாடா, வட்டு விலையில் 3 சதவீதமும் இசைத்துறைக்குப் போகவேண்டும். டிஜிட்டல் நகலிலிருந்து மறுபடி டிஜிட்டல் நகல் எடுக்க முடியாதபடி ஒரு பூட்டும் பெட்டிக்குள் இருக்கவேண்டும்.

அதனால் வீட்டு உபயோகப் பெட்டிக்கென்று 'மியூசிக்' சிடி-ஆர் தனியாக விற்றார்கள். வட்டின் பள்ளக்கோட்டிலேயே அது எந்த வகை என்ற குறிப்பு பதிந்திருக்கும். பெட்டி முதலில் அதைத்தான் படிக்கும். பூசுகிற சாயம் ஒன்றுதான், விலை மட்டும் கூட. வேடிக்கை என்னன்னா, கம்ப்யூட்டர் இசைக்காக மட்டும் செய்தது இல்லை என்பதால் சட்டத்துக்குள் வரவில்லை. அதே பாட்டை அதில் மலிவு சிடியில் எழுதலாம். ஸ்டுடியோக்காரர்களின் 'ப்ரொஃபஷனல்' பெட்டிகளுக்கும் விலக்கு உண்டு. ஆச்சியின் ஒப்பாரிக்கு யார் ராயல்டி கேட்டார்கள்? அனலாக் வயர் வழியாக வருகிற ஒலியை நகல்பூட்டு தடுக்காது, ஆனால் வட்டுச் சோதனை எல்லோருக்கும் பொது.

இன்றைக்குப் பழைய பெட்டி தேடுகிறவர்கள் முதலில் கேட்கவேண்டியது, சாதாரண சிடி-ஆர் ஏற்குமா என்பதுதான். அடுத்தது, ஒலி அளவைக் கையால் திருப்ப ஒரு குமிழ். கேசட்டில் முள் சிவப்பைத் தொட்டால் கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். டிஜிட்டலில் 0-வைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும், திரும்ப வராது. ஒப்பாரி திடீரென்று உச்சத்துக்குப் போகும், அதனால் நிறைய இடம் விட்டு வைக்கணும். மௌனத்தைப் பார்த்துத் தானாகவே டிராக் பிரிக்கிற வசதியை அணைத்துவிடுங்கள். ஆச்சி மூச்சு வாங்குகிற இடமெல்லாம் தனி டிராக் ஆகிவிடும். ஒரு சிடியில் 74 அல்லது 80 நிமிசம், 90 நிமிசக் கேசட் அடங்காது. முடித்ததும் 'ஃபைனலைஸ்' செய்ய மறந்தால் மற்ற சிடி பிளேயர்களில் ஓடாது.

மாமா அடுத்த வருசம் பத்து 'மியூசிக்' சிடி வாங்கிவந்தார். ஆறு கேசட் ஏறிவிட்டது. ஐந்தாவது மட்டும் ஓட்டத் தொடங்கியதுமே பூசணத்தில் ஒட்டிப்போய் நசுங்கி அறுந்தது. உறையில் என் கையெழுத்தில் எழுதியிருந்தேன்: 'தாத்தாவுக்குப் பாடினது'.