மங்காத மை

பொகவந்தலாவைத் தேவாலய மயானத்தில் துயிலும் ஜூலியா மார்கரட் கெமரன் 1879 இல் டிக்கோயாவில் காலமானவர். முட்டை வெண்கருத் தாளில் அச்சிட்ட நிழற்படங்கள் மங்குமென்பதால், இலங்கை வந்த 1875 இலேயே சிலவற்றை இலண்டன் ஓட்டோடைப் கம்பனி மூலம் கரி நிறமியில் அச்சிடுவித்தார்.

அதே வழக்கு ஒரு நூற்றாண்டின் பின் மறுபடி எழுந்தது. 1991 இல் கலிபோர்னியாவில் கிரஹாம் நாஷ் ஐரிஸ் இயந்திரத்தில் மை தூவிக் கலைப்படங்களை அச்சிடத் தொடங்கினார். மை விரைவில் வெளிறியது. கணினி அச்சும் கலையா என்றார்கள். கலையா என்ற கேள்விக்குள் நிலைக்குமா என்ற அச்சமே ஒளிந்திருந்ததென்பது என் எண்ணம். 2000 அளவில் நிறமி மை பரவியதும் (அதுவும் கரியைப் போல நிறத்தூள்தானே!) நூதனசாலைகளின் தயக்கம் தணிந்தது.

கெமரன் இலங்கையில் எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலுள்ள தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலானோரின் பெயர்கள் குறிக்கப்படவில்லை.