முச்சந்தியில் நின்ற தெய்வம்
ஹெக்கத்தேயும் ஒற்றியூர்க் காளியும்: ஓர் ஒப்பீடு

பண்டைச் சமயங்களை ஆராய்வோர் பெருங்கோயில் தெய்வங்களையே முதலில் நோக்குவது வழக்கம். ஆயின், எளிய மக்களின் அச்சத்தையும் நம்பிக்கையையும் அறிய வேண்டுமானால், ஊர் எல்லையிலும் தெருக்கள் கூடும் சந்தியிலும் நின்ற தெய்வங்களைக் காண வேண்டும். கிரேக்கரிடையே அத்தகைய தெய்வம் ஹெக்கத்தே. சென்னையின் வடகோடியில், எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்துள்ள காத்திவாக்கத்திற்குத் தெற்கே, திருவொற்றியூரில் கோயில்கொண்டுள்ள வட்டப்பாறை அம்மன் அவளோடு ஒப்பிடத்தக்கவள். ஒருவரிடமிருந்து மற்றவர் தோன்றினர் என்பது நம் கருத்தன்று. ஒரே வகையான மனித அனுபவம் இரு நாடுகளில் எவ்வாறு உருக்கொண்டது என்பதே நம் வினா.

1. காவல் தெய்வம் சூனியக்காரி ஆன வரலாறு

கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த எசியோது என்னும் புலவர், ஹெக்கத்தேயை மிக உயர்வாகப் போற்றுகிறார். மண்ணிலும் கடலிலும் வானிலும் அவளுக்குப் பங்குண்டு. கடலில் உழைப்போர் அவளை வேண்டினால் மிகுந்த மீன்பாடு கிடைக்கும் என்றும் அவர் கூறுகிறார். சூனியத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

பின்னர் அவள் வீட்டு வாயிலிலும் மூன்று வழிகள் கூடுமிடத்திலும் காவலாக நிறுத்தப்பட்டாள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஆதென்ஸ் நகரச் சிற்பி அல்காமேனஸ் அவளை மூன்று உருவங்கள் ஒன்றிணைந்தவளாக வடித்தார். இலத்தீனில் அவளுக்கு வழங்கிய 'த்ரிவியா' என்னும் பெயர், நம் 'முச்சந்தி' என்னும் சொல்லின் பொருளையே உடையது. மாதந்தோறும் அமாவாசையை ஒட்டி அவளுக்குச் சந்திகளில் உணவு வைக்கப்பட்டது. இருளையும் ஆவிகளையும் தடுக்க வல்லவள் அவற்றை ஏவவும் வல்லவள் என்னும் எண்ணம் வளர்ந்தது. கி.மு. 431இல் அரங்கேறிய யூரிப்பிடீசின் நாடகத்தில், நஞ்சூட்டும் மெதேயா அவளையே தன் துணையாகக் கொள்கிறாள். காத்தவளே கலக்குபவளாகவும் கருதப்பட்டாள்.

2. ஒற்றியூரில் நேர்ந்த மாற்றம்

தமிழகத்திலும் சந்தி தெய்வத்தின் இடமாகவே இருந்தது. சிலப்பதிகாரம் கூறும் புகார் நகரத்துச் சதுக்கப்பூதம், பொய்த்தவ வேடத்தாரையும் பொய்ச்சான்று கூறுவோரையும் பாசத்தால் கட்டித் தண்டித்தது. இருளில் நின்ற அப்பூதம் அறத்தின் காவலனாகவே மதிக்கப்பட்டது. அமாவாசையன்று திருஷ்டி கழித்த பூசணிக்காயைச் சந்தியில் உடைக்கும் வழக்கம் இன்றும் நம் நகரங்களில் உண்டு. வீட்டின் தீங்கை எவருக்கும் உரிமையில்லாத பொதுவிடத்தில் விட்டுவிடுவதே இதன் உட்பொருள் எனலாம்.

வட்டப்பாறை அம்மன் உக்கிரமான காளியாக இருந்தாள் என்றும், ஆதிசங்கரர் அவள் உக்கிரத்தைத் தணித்தார் என்றும் தலமரபு கூறும். கம்பர் இரவில் இராமகாதை எழுதியபோது அவள் பந்தம் பிடித்து ஒளி தந்தாள் என்பது மற்றொரு மரபு. இவற்றை வரலாற்று நிகழ்ச்சிகளாகக் கொள்ள இயலாது; ஆயினும் மக்கள் மனத்தின் வரலாறு இவற்றில் உண்டு. ஹெக்கத்தேயும் கையில் தீப்பந்தம் ஏந்தியவளே. ஆனால் அங்கே காவலிலிருந்து அச்சம் பிறந்தது. இங்கே அச்சம் கவிதைக்கு விளக்காயிற்று.

3. திருச்சபையின் பார்வை

தரங்கம்பாடி அருட்பணியாளர் சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி முதலிய கிராம தேவதைகளுக்கும் அதில் இடமளித்தார். மக்களிடமே கேட்டறிந்து, தீய ஆவிகளிடமிருந்து ஊரைக் காப்போராக அவர்கள் மதிக்கப்பட்டதைப் பதிவு செய்தார். ஆனால் ஹாலே நகரிலிருந்த பிராங்கே அந்நூலை அச்சிட இசையவில்லை. புறசமயத்தை ஒழிப்பதே அருட்பணியாளரின் வேலை, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதன்று என்பது அவர் எண்ணம். 154 ஆண்டுகள் கழித்து, 1867இல், கெர்மான் என்பவரின் முயற்சியால் அது சென்னையில் வெளிவந்தது. சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் கிராம தெய்வங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டது 1916இல்தான்.

இத்தாமதத்தின் விலை சிறிதன்று. 'பேய் வழிபாடு' என்ற ஒரே சொல்லால் அனைத்தையும் ஒதுக்கியபோது, அதன் உள்ளிருந்த கேள்வி செவியில் விழாமற்போயிற்று. நோய் வரும் வழியில் நிற்பவர் யார், கடலுக்குச் சென்றவரை இரவில் காப்பவர் யார் என்பதே அக்கேள்வி. ஞானஸ்நானம் பெற்றதனால் மட்டும் அது மறைந்துவிடுவதில்லை.

எபேசுவில் தியானாளின் கோயிலிலே ஹெக்கத்தேயின் சலவைக்கல் சிலை ஒன்று இருந்ததாகப் பிளினி எழுதுகிறார். அந்நகரில்தான் மாயவித்தைக்காரர் ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமான தம் நூல்களைத் தாமே எரித்தனர் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 19ஆம் அதிகாரம் உரைக்கிறது. எரித்தவர் வெளியிலிருந்து வந்தவரல்லர். விசுவாசித்து, தங்கள் செய்கைகளை அறிக்கையிட்ட அந்நகரத்தாரே. அச்சம் நீங்கியபின் நூல்கள் எரிந்தன. நூல்களை எரித்ததனால் அச்சம் நீங்கவில்லை. சந்தியில் நிற்கும் மனிதனின் அச்சத்தை முதலில் கேட்டறிந்த சீகன்பால்கின் வழியே இன்றும் நமக்கு ஏற்ற வழியாகும்.