உபரி ராணுவ வாகனங்களும் உரிமைச் சான்றும்: அமெரிக்க ஏல விற்பனையின் வரலாறு

அமெரிக்காவில் ராணுவம் கழித்துவிட்ட வாகனம் ஒன்றை ஏலத்தில் எடுப்பவர், பணம் கட்டிய கையோடு அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. பணம் வரவு வைக்கப்பட்டுவிடும். வண்டி மட்டும் கிடங்கிலேயே நிற்கும். வாங்குபவர் யார், எதற்காக வாங்குகிறார் என்பதை அரசு சரிபார்க்க வேண்டும். பிறகு வண்டியை எடுத்துச் செல்ல அனுமதி வர வேண்டும். அதற்கும் பிறகுதான் உரிமைச் சான்று பெறுவதற்கான படிவம் அஞ்சலில் வரும். இதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். இந்தத் தாமதத்தை அதிகாரிகளின் மெத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு காகிதத்துக்கும் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

போருக்குப் பின் வந்த வரிசை

இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. லாரிகள் தனிக்கணக்கு. போர் முடிந்ததும் இவை அனைத்தும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் புது வாகனத் தொழில் படுத்துவிடும். இடைத்தரகர்கள் மொத்தமாக வாங்கிப் பதுக்குவார்கள். இந்த அச்சத்தில், போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1944 அக்டோபரில் உபரிச் சொத்துச் சட்டம் இயற்றப்பட்டது.

சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று, போரிலிருந்து திரும்பும் வீரர்கள் சிறுதொழிலோ விவசாயமோ தொடங்க உதவுவது. நோக்கம் நல்லதுதான். நடைமுறை வேறாக இருந்தது. முன்னாள் வீரர் முதலில் தமது தகுதிக்கான சான்றிதழ் பெற வேண்டும். வாங்கும் பொருள் தமது தொழிலுக்குத் தேவை என்று காட்ட வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு விற்பனைக்குக் காத்திருக்க வேண்டும். விற்பனை நாள் வரும்போது அவருக்கு முன்னால் மத்திய அரசுத் துறைகளும் வேறு சில முன்னுரிமைக்காரர்களும் நிற்பார்கள்.

பொறுப்பான அலுவலகமாவது நிலையாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. முதலில் உபரிச் சொத்து வாரியம். 1945-இல் உபரிச் சொத்து நிர்வாகம். 1946 மார்ச் முதல் போர்ச் சொத்து நிர்வாகம். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பித்தவர், சில மாதங்களில் வேறோர் அலுவலகத்தின் வாசலில் நிற்க நேர்ந்தது. கிராமத்தில் நிலத்தை வைத்துக்கொண்டு ஒரு லாரிக்காகவோ ஜீப்புக்காகவோ காத்திருந்தவருக்கு இது ஒரு விதைப்புப் பருவத்தையே இழப்பதாகும். புகார்கள் நாடாளுமன்றம் வரை சென்றன. 1946 மே மாதம் சட்டம் திருத்தப்பட்டு, மத்திய அரசுக்கு அடுத்த இடம் முன்னாள் வீரர்களுக்குத் தரப்பட்டது. சில பொருள்கள் அவர்களுக்கென்றே ஒதுக்கியும் வைக்கப்பட்டன. ஜீப்பு அவற்றுள் ஒன்று. அப்போதும் சான்றிதழ்கள்தான் அதிகம், வண்டிகள் குறைவு. ஜீப்புகளில் பெரும்பகுதி கடல் கடந்த போர்முனைகளிலேயே விடப்பட்டிருந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் புகழ்பெற்ற 'ஜீப்னி' வண்டிகள் அப்படி விடப்பட்டவற்றிலிருந்து உருவானவையே.

மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. வெளிநாடுகளில் விற்ற உபரிப் பொருளின் பணத்தைக் கல்விப் பரிமாற்றத்துக்குச் செலவிடலாம் என்று 1946 ஆகஸ்டில் இதே சட்டத்துக்கு இன்னொரு திருத்தம் வந்தது. இன்று உலகெங்கும் அறியப்படும் ஃபுல்பிரைட் உதவித்தொகை அதிலிருந்து பிறந்தது.

'பெட்டியில் அடைத்த புத்தம்புது ஜீப்பு, விலை 50 டாலர்' என்ற கதை பிற்காலத்தில் பரவியது. பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் பல்லாண்டுகள் இந்த விளம்பரம் வந்தது. பணம் அனுப்பியவருக்குக் கிடைத்தது ஜீப்பு அல்ல. அரசு ஏலத்தில் கலந்துகொள்வது எப்படி என்று சொல்லும் சிறு கையேடு!

படிவம் எண் 97

1949-இல் போர்ச் சொத்து நிர்வாகம் கலைக்கப்பட்டு, அதன் பணிகள் பொதுச் சேவைகள் நிர்வாகத்திடம் வந்தன. அரசு வாகனத்தை வாங்குபவருக்கு வழங்கப்படும் 'நிலைப்படிவம் 97' என்பது இந்த நிர்வாகத்தின் படிவம். நம் ஊரில் ஆர்.சி. புத்தகம் ஒன்றே உரிமையாளரையும் பதிவையும் காட்டிவிடும். அமெரிக்காவில் உரிமைச் சான்று வேறு, பதிவு வேறு. இரண்டையும் தருபவை மாநில அரசுகள். ராணுவ வண்டிக்கு மாநில உரிமைச் சான்று எப்போதுமே இருந்ததில்லை. எனவே, 'இது அரசிடமிருந்து இன்னாருக்குப் போனது' என்று மத்திய அரசு எழுதித் தரும் இந்தக் காகிதமே வண்டியின் பிறப்புச் சான்று போல் ஆகிறது.

பெயரிலோ எண்ணிலோ ஓர் எழுத்து பிசகினாலும் மாநில மோட்டார் வாகனத் துறை அதைத் திருப்பி அனுப்பிவிடும். பிசகுவதற்கு வாய்ப்பும் அதிகம். ராணுவ வண்டியில் தகட்டில் பொறித்த தொடர் எண் ஒன்று. உடலில் வண்ணத்தால் எழுதிய ராணுவப் பதிவு எண் இன்னொன்று. பணிமனைகளில் பிரித்துப் புதுப்பித்த வண்டியில் தகட்டின் ஆண்டும் வண்டியின் ஆண்டும் பொருந்தாமல் போவதும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் வண்டியை எடுக்கும் நாளிலேயே தகட்டைப் படமெடுத்து, விற்பனைச் சீட்டோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்வார்கள். படிவம் வந்தபின் திருத்தம் கேட்டால் வரிசையின் கடைசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

கட்டுப்பாடுகள் கூடிய விதம்

1960-களில் பயன்பாட்டுக்கு வந்த எம்151 ஜீப்பு, வேகமாகத் திரும்பும்போது கவிழும் குணம் கொண்டது. பொதுமக்கள் கையில் அது ஆபத்து என்று 1970-களில் முடிவாகி, கழித்த வண்டிகளை முழுதாக விற்காமல் துண்டுகளாக வெட்டிப் போடும் வழக்கம் வந்தது. விற்கத்தக்கது எது, சிதைக்க வேண்டியது எது என்ற கேள்வி ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு குறியீடாக மாறியது.

அடுத்த திருப்பம் வாகனத்தால் வந்ததன்று. 2006-இல் அமெரிக்க அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தின் ஆய்வாளர்கள் தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல், வெளியே போகவே கூடாத ராணுவக் கருவிகளை உபரி விற்பனையில் வாங்கிக் காட்டினார்கள். எஃப்-14 போர் விமானத்தின் உதிரி பாகங்கள் ஈரானுக்குப் போய்ச் சேரலாம் என்ற கவலையில் 2007 ஜனவரியில் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. இத்தகைய சூழலில், வாங்குபவர் தம்மைப் பற்றியும் வாங்கும் நோக்கம் பற்றியும் எழுதித் தரும் இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் வெறும் சம்பிரதாயமாக இருக்க முடியாது.

2014 டிசம்பரில் ஹம்வி வண்டிகள் முதன்முறையாக இணைய ஏலத்துக்கு வந்தபோது இந்தப் பழைய வரலாறு முழுவதும் ஒன்றாகக் கூடியது. 25 வண்டிகள், தொடக்க விலை 10,000 டாலர். சாலையில் ஓட்டுவதற்கல்ல என்ற நிபந்தனையுடன் அவை விற்கப்பட்டன. இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழைப் பாதுகாப்புத் தளவாட முகமை ஏற்கும்வரை வண்டியைத் தொட முடியாது. ஏற்றபின்னோ, குறித்த நாள்களுக்குள் எடுக்காவிட்டால் கிடங்கு வாடகை ஏறும். இரண்டுக்கும் நடுவில் சிக்குபவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். வண்டியைச் சுமந்துவரும் லாரிக்கு முன்கூட்டியே பேசவும் முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது.

சான்றிதழை உடனே, பிழையின்றி நிரப்பி அனுப்புவது ஒன்றே வாங்குபவர் கையில் உள்ளது. ஏலத்துக்கு முன்பே தம் மாநில மோட்டார் வாகனத் துறையிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம். ராணுவத்துக்கென்றே செய்து நேரடியாக ராணுவத்துக்கு விற்கப்பட்ட வாகனங்களுக்கு மத்திய அரசின் சாலைப் பாதுகாப்புத் தரங்கள் பொருந்துவதில்லை. அதனால் அவற்றைச் சாலையில் விடலாமா என்பதில் மாநிலங்கள் ஒத்துப்போவதில்லை. ஒரு மாநிலத்தில் எண் பலகையுடன் ஓடும் ஹம்வி, பக்கத்து மாநிலத்தில் தோட்டத்துக்குள் மட்டும் ஓடலாம்.