மாலினி பொன்சேகா: சிங்கள சினிமாவின் ராணி, அவர் கதைக்குள் ஒளிந்திருக்கும் தமிழ்க் கதை

சிவாஜி ரசிகர் யாராவது உங்க வீட்டில் இருந்தால் 'பைலட் பிரேம்நாத்' படத்தை டிவியில் ஒரு முறையாவது பார்த்திருப்பீங்க. 1978இல் வந்த படம். ஏ.சி. திருலோகசந்தர் இயக்கம், எம்.எஸ். விஸ்வநாதன் இசை, மகளாக ஸ்ரீதேவி. கஞ்சிக்கோட்டில் எங்க வீட்டில் இந்தப் படம் ஓடும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: "சிவாஜிக்கு மனைவியா வர்ற இந்தம்மா யாரு? வேற எந்தப் படத்திலும் பார்த்ததே இல்லையே?"

வேறு படங்களில் நிறையவே இருந்தார், நாம்தான் பார்க்கவில்லை. அவர் பெயர் மாலினி பொன்சேகா. இலங்கையில் 'சிங்கள சினிமாவின் ராணி' என்றால் அவர் ஒருவரைத்தான் சொல்வார்கள். 140க்கும் மேற்பட்ட படங்கள். 2010இல் சிஎன்என் வெளியிட்ட ஆசியாவின் தலைசிறந்த 25 நடிகர்கள் பட்டியலிலும் இடம் பிடித்தவர். 2025 மே 24 அன்று தன் 78ஆவது வயதில் காலமானார். கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் அரச மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது.

ஒரு சிங்கள நடிகையின் வாழ்க்கையை நாம் ஏன் தெரிஞ்சுக்கணும்? அவர் கதையை எந்தப் பக்கம் புரட்டினாலும் நடுவில் தமிழர்கள் நிற்கிறார்கள். அதுதான் காரணம்.

மதுரையில் பிறந்த சினிமா

முதல் சிங்களப் பேசும் படம் 'கடவுணு பொறொந்துவ'. 1947 ஜனவரி 21 அன்று கொழும்பில் வெளியானது. எடுத்தது எங்கே? மதுரையில், சித்ரகலா மூவிடோன் ஸ்டுடியோவில். தயாரிப்பாளர் எஸ்.எம். நாயகம், தமிழர். கதாநாயகி ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ரசம்மா டேனியல்ஸ். ரம்பொடையில் தமிழ் பேசும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அதாவது, சிங்கள சினிமாவின் முதல் நட்சத்திரமே வீட்டில் ரசம்மா.

அடுத்த பத்து வருஷம் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டுடியோக்களில்தான் தயாராகின. பாட்டு, சண்டை, கண்ணீர் எல்லாம் நம்ம ஊர் அச்சு. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' எடுத்த பிறகுதான் கேமரா இலங்கை கிராமங்களுக்குப் போனது. அவருடைய அடுத்த படமான 'சந்தேசய'வுக்குப் பணம் போட்டவரும் ஒரு தமிழர்தான், கே. குணரத்னம். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவார்.

மாலினி பிறந்தது அதே 1947இல், ஏப்ரல் 30 அன்று, களனியில். மேடை நாடகம் வழியாக வந்தவர். 1968இல் 'புஞ்சி பபா' முதல் படம்.

ஐரின், ஹெலன், புஞ்சி மெனிகே

அவர் நடித்ததில் பெரும்பகுதி நாம் பழகிய மசாலா ரகம்தான். காமினி பொன்சேகா, விஜய குமாரதுங்க என்று அன்றைய பெரிய ஹீரோக்களுடன் ஜோடி. (காமினியும் மாலினியும் உறவினர்கள் இல்லை, ஒரே குடும்பப் பெயர், அவ்வளவுதான்.) ஆனால் அவரை நிலைநிறுத்திய படங்கள் வேறு.

1972இல் வந்த 'நிதானய', அதாவது புதையல். கடனில் மூழ்கிய ஒரு ஜமீன் வாரிசுக்குப் புதையல் ரகசியம் கிடைக்கிறது. அதை எடுக்க ஒரு பெண்ணைப் பலி கொடுக்கணும். அவள் கழுத்தில் குறிப்பிட்ட மச்சங்கள் இருக்கணும். அப்படி ஒருத்தியைத் தேடிக் கண்டுபிடித்துத் திருமணமும் செய்துகொள்கிறான். அந்த ஐரின்தான் மாலினி. கணவனை முழுசாக நம்புகிற ஒரு பெண்ணின் முகத்தை லெஸ்டர் நீளமாகக் காட்டிக்கொண்டே இருப்பார். நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. கத்தவோ அழவோ பெரிதாக இடம் இல்லாத வேடம். இலங்கை சினிமாவின் முதல் 50 ஆண்டுகளில் சிறந்த படமாக 1997இல் தேர்வானது இதுதான்.

அடுத்து தர்மசேன பத்திராஜ. அவருடைய 'பம்பரு அவித்' (1978) ஒரு மீனவக் கிராமத்தின் கதை. நகரத்து முதலாளி ஒருவன் வருகிறான், மீன்பிடித் தொழிலோடு ஊரின் உறவுகளும் குலைகின்றன. மாலினி அங்கே ஹெலன். 1980இல் 'பெத்தேகம', லியோனார்ட் வூல்ஃப் நாவலின் படவடிவம். அதில் புஞ்சி மெனிகே வேடம். கூடவே ஒரு விநோதம்: அந்தப் படத்தில் வூல்ஃப் ஆக நடித்தவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்!

1978க்கும் 1983க்கும் நடுவில்

டேட்டா வேலை பார்ப்பவர்களுக்கு வருஷங்களை வரிசையாக அடுக்கிப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. 1978ஐ மட்டும் எடுத்துக்கங்க. இந்திய-இலங்கைக் கூட்டுத் தயாரிப்பாக சிவாஜி-மாலினி ஜோடியுடன் 'பைலட் பிரேம்நாத்'. 'பம்பரு அவித்' எடுத்த பத்திராஜ அதே காலகட்டத்தில் யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படமும் எடுத்திருந்தார். சிங்கள இயக்குநர், யாழ்ப்பாணத்துச் சாதி, சீதனப் பிரச்சினை பேசும் கதை. அந்த அக்டோபரில் ருக்மணி தேவி கார் விபத்தில் இறந்துபோகிறார்.

அதன் பிறகு ஐந்தே வருஷம். 1983 ஜூலை.

தமிழர்களுக்கு எதிரான அந்தக் கலவரத்தில் ஹேந்தலயில் இருந்த விஜயா ஸ்டுடியோ எரிக்கப்பட்டது. உரிமையாளர், மேலே சொன்ன அதே குணரத்னம். தமிழர் சொத்து என்று கொளுத்தினார்கள். உள்ளே எரிந்ததோ சிங்களப் படங்களின் நெகட்டிவ்கள். சிங்களப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த தமிழ் இயக்குநர் கே. வெங்கட் அதே கலவரத்தில் கொல்லப்பட்டார். குணரத்னம் 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மாலினியின் தலைமுறை எதன் மேல் ஏறி நின்றதோ, அந்த அடித்தளத்தையே கொளுத்தியது போலத்தான் இதைப் பார்க்கத் தோன்றுகிறது. பழைய சிங்களப் படம் ஒன்றைத் தேடி நல்ல பிரதி கிடைக்காமல் போகும்போது, 'பழசு, அதான் அழிஞ்சு போச்சு' என்று கடந்துவிடக் கூடாது.

டிவி, இயக்கம், பிறகு நாடாளுமன்றம்

இலங்கைக்கு டிவி வந்தது 1979இல். அரசின் ரூபவாஹினி 1982இல். (தமிழ்நாட்டின் தென்கடலோரத்தில் உயரமான ஆன்டெனா கட்டி ரூபவாஹினி பார்த்தவர்களைக் கேட்டால் தனிக் கதையே சொல்வார்கள்.) மாலினி சின்னத்திரைக்கு வந்தார், 'நிருபமாலா' தொடரை இயக்கினார். டெலிடிராமா இயக்கிய முதல் இலங்கைப் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். சினிமாவிலும் 'சசர சேதனா' (1984), 'அஹிம்சா' (1987), 'ஸ்த்ரீ' (1991) என்று சொந்தமாக இயக்கினார். நாயகிக்கு வயது கூடினால் அம்மா வேடம் என்று எழுதாத சட்டம் இருந்த ஒரு துறையில் இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து வருவது தமிழ் வாசகருக்குச் சங்கடமான பகுதி. 2010 தேர்தலுக்குப் பின் மகிந்த ராஜபக்ச தலைமையிலான கூட்டணியின் தேசியப் பட்டியல் உறுப்பினராக மாலினி நாடாளுமன்றம் போனார். 2015 வரை இருந்தார். போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காணாமல் போனவர்களின் தாய்மார் வடக்கில் புகைப்படங்களை ஏந்தி நின்ற ஆண்டுகள் அவை. ஐரினைப் பார்த்து வியக்கும்போது இதுவும் மண்டைக்குள் வந்துதான் போகும். இரண்டில் ஒன்றை மறைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை.

அதே சமயம், அரசியலைக் காட்டி மொத்த சினிமாவுக்கும் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். பிரசன்ன விதானகேயின் 'ஒப நாத்துவ ஒப எக்க' (2012), போர் தின்ற ஒரு தமிழ்ப் பெண்ணின் பக்கம் நிற்கிற படம். 2014இல் சென்னையில் திரையிட வந்தபோது எதிர்ப்பு கிளம்பி நிறுத்தப்பட்டது. காரணம், இயக்குநர் சிங்களவர். அதே விதானகே 2023இல் மலையாள நடிகர்கள் ரோஷன் மேத்யூ, தர்ஷனா ராஜேந்திரனை வைத்து 'பாரடைஸ்' எடுத்தார். வழங்கியது மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ். கேரளத் தியேட்டர்களில் அது சாதாரணமாக ஓடியது.

எங்கள் பாலக்காட்டுக்காரர்களுக்கு இலங்கை அப்படி ஒன்றும் தூரம் இல்லை. கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரின் தாய் சத்தியபாமா வடவனூர்க்காரர்.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் என்றால், 'நிதானய'வை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். விதானகேயின் 'ஆகாச குசும்' (2008) பாருங்கள். அதில் மாலினி ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து இப்போது மறக்கப்பட்டுவிட்ட நடிகை, பெயர் சந்தியா ராணி. இன்றைய இளம் நட்சத்திரங்கள் ரகசியமாகச் சந்திக்கத் தன் வீட்டு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறார். அந்த அறையில் ஒரு பரபரப்பு வெடிக்க, டிவி கேமராக்கள் பல வருஷத்துக்குப் பிறகு அவரைத் தேடி வருகின்றன. கூடவே, எப்போதோ விட்டுவிட்டு வந்த மகளின் கேள்வியும் வருகிறது. சிவாஜிக்கு மனைவியாக நடித்த அதே முகம், 30 வருஷம் கழித்து, மேக்கப் இல்லாமல்.