கேலாங் சாலையும் கல்லூரி வாசலும்



பரிசளிப்பு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரில் நான் கண்டதும் கேட்டதும்தான் மனத்தில் வந்து நின்றன.

கேலாங்கில் எங்கள் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தேன். கேலாங் சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண் லோரோங்குகள், மறுபக்கம் இரட்டைப்படை எண் லோரோங்குகள். "எண்ணைப் பார்த்து நடந்தா வழி தப்பாது, தம்பி" என்பார் பெரியப்பா. அவருடைய பேத்தி தொடக்கக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். அன்றிரவு சாப்பாட்டு மேசை முழுவதும் அவளுடைய தாள்கள்தான். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு வேண்டிய சான்றிதழ்களை ஒவ்வொன்றாகக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன பெரியப்பா, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தார்.

இந்தக் கல்லூரி வாசல் எப்போதும் திறந்து கிடந்ததல்ல. அது திறந்த கதையை நீங்களும் கொஞ்சம் கேளுங்கள்.

சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கி, கேலாங் பக்கமும் அது எட்டிய ஆண்டு 1905. அதே ஆண்டில்தான் அங்கே மருத்துவப் பள்ளியும் திறக்கப்பட்டது. அரசாங்கம் தானாகக் கொடுத்துவிடவில்லை. தான் ஜியாக் கிம் என்பவர் தலைமையில் மக்கள் 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்த பிறகே அது வந்தது. அடுத்து 1928-இல் ராஃபிள்ஸ் கல்லூரி வந்தது. ஆனால் அங்கே கிடைத்தது டிப்ளோமாதான், பட்டமன்று. பட்டம் வேண்டுமென்றால் கடல் கடக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், அல்லது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே கிடைத்த அரசியார் உபகாரச் சம்பளம் வேண்டும். சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதிய பிள்ளைகளின் விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகும். முடிவு வர மாதக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள்.

இரண்டு கல்லூரிகளும் இணைந்து 1949 அக்டோபர் 8-ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. நம் கோலாலம்பூரில் இருக்கிறதே, அதே பெயர்தான். அது முதலில் பிறந்த இடம் சிங்கப்பூர்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வியும் எழுந்தது. ஆலோசனை கூற வந்த பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் சமஸ்கிருதத்தைப் பரிந்துரைத்தார். இந்நாட்டு இந்தியர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தமிழாயிற்றே என்று எதிர்த்து நின்றவர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 1903-இல் திருவாரூரில் பிறந்து, 1924-இல் சிங்கப்பூர் வந்தவர் அவர். 1935-இல் 'தமிழ் முரசு' தொடங்கினார். எழுதியதோடு நில்லாமல் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்கென்று சாமானிய மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். சிறு துளி பெரு வெள்ளம் ஆயிற்று. 1956-இல் அமைந்த இந்திய இயல் துறையில் தமிழ் இடம் பெற்றது.

அதே காலத்தில் சீனர்கள் நன்யாங் பல்கலைக்கழகத்தைக் கட்டினார்கள். திரிஷா ஓட்டியவர்கள்கூட ஒரு நாள் வருமானத்தை அதற்குக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் எல்லாரும் படித்தவர்களா? இல்லை. தாங்கள் ஏறாத படியில் பிள்ளைகள் ஏறட்டும் என்று கொடுத்தவர்கள்.

இந்திய இயல் துறை 1959-இல் கோலாலம்பூருக்கு மாறியது. பின்னர் தனிநாயகம் அடிகளார் அதன் தலைவராக இருந்தபோதுதான், 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

சிங்கப்பூரில் என்ன ஆயிற்று? கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, 1960-இல் உயர்நிலை வகுப்புகளையும் தொடங்கியது. தமிழை முதல்மொழியாகக் கொண்ட உயர்நிலைப்பள்ளி அங்கே அது ஒன்றுதான். 1982-இல் அது மூடப்பட்டது. "என் கூட்டாளி ஒருத்தன் தமிழிலேயே உயர்நிலை முடிச்சான், தம்பி. கெட்டிக்காரன். அதுக்கு மேல எல்லாம் இங்கிலீஷு. ஏணி இருந்துச்சு, மேல் படி இல்ல" என்றார் பெரியப்பா. இன்று அங்கே தமிழ் ஒரு பாடம். 2006 முதல் தமிழில் பட்டப்படிப்பும் உண்டு.

நம் நாட்டில் இன்றும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும். மேல் படிக்கு மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குத்தான் போக வேண்டும். ஆகவே நம் பிள்ளைகள் வழியில் தடுக்கி விழாதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை.

என் கதையையே சொல்கிறேன். ஐந்தாம் படிவம் முடித்த ஆண்டு, விண்ணப்பக் கடைசி நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் பார்த்தோம்: பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் ஒருவிதமாகவும், அவர் ஐசியில் வேறுவிதமாகவும் இருந்தது. ஓர் எழுத்துத்தான். அப்பா பால் வெட்டை விட்டு, சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று அலைந்தார். திருத்தம் வருவதற்குள் நாள் கடந்துவிட்டது. "நான் படிச்சிருந்தா முன்னமே பார்த்திருப்பேனே" என்று அவர் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. மறு ஆண்டு விண்ணப்பித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். எனக்கு ஓர் ஆண்டுதான் போயிற்று. மறு ஆண்டு வரை காத்திருக்க முடியாமல் வேலைக்குப் போய்விட்ட தோழர்கள் எனக்கு உண்டு.

பெற்றோர்களே, இறுதியாண்டு வரை காத்திருக்காதீர்கள். இன்றிரவே பிறப்புப் பத்திரத்தையும் ஐசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள், வெட்கம் வேண்டாம். இடைநிலைப்பள்ளியில் பிள்ளை ஓட்டத்திலோ சாரணர் படையிலோ வாங்கும் சான்றிதழைத் தூக்கிப் போடாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகத் தேர்வில் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. இன்று இந்த மேடையில் வாங்கும் சான்றிதழ் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் பத்திரப்படுத்தும் பழக்கம் இன்றே தொடங்கட்டும்.

மாணவ மணிகளே, எஸ்.பி.எம். தேர்வில் தமிழை விட்டுவிடாதீர்கள். அதைப் பல்கலைக்கழகத்தில் உட்கார வைக்க, உங்களைப் போன்ற தொழிலாளர் வீட்டுக் காசும் போயிருக்கிறது.

நான் புறப்படும் நாளில் கோப்பை மூடிவிட்டு அந்தப் பெண், "எல்லாம் இருக்கு, தாத்தா" என்றாள். பெரியப்பா கோப்பை வாங்கி ஒருமுறை தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. நம் தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு கோப்பு இருக்க வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!