மருந்து எங்கே பற்றுகிறது?

அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால், 1954 நவம்பர் முதல் நாள் வரையில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊராகும். அதற்கு வடக்கே கொள்ளிடத்தைக் கடந்தால் சிதம்பரம். 1952-ஆம் ஆண்டில் அச்சிதம்பரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அக்காலத்தில், காரைக்காலை ஆண்ட நாட்டின் தலைநகராகிய பாரிசில், பாஸ்டர் நிலையத்து அறிஞர் ழாக் மோனோ ஒரு வினாவுக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். ஓர் உயிரணு, தனக்கு வேண்டிய புரதத்தை வேண்டிய பொழுது மட்டும் எவ்வாறு ஆக்கிக்கொள்கிறது என்பதே அவ்வினா. அவர் தேடிய விடையையும் சிதம்பரத்துக் குழந்தையின் வாழ்க்கையையும் பின்னாளில் இணைத்த பொருள் ஆர்.என்.ஏ.

புரதங்களை ஆக்கும் முறை டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கிறது. பெட்டியில் பூட்டிய ஏட்டுச் சுவடியை வெளியே எடுத்துச் செல்லாமல், வேண்டிய பகுதியை மட்டும் ஓலையில் படியெடுத்துக் கம்மியரிடம் அனுப்புவதுண்டு அல்லவா? அத்தகைய படியொன்று உயிரணுவிலும் இருத்தல் வேண்டும் என்று மோனோவும் பிரான்சுவா ழக்கோப்பும் 1961-இல் எடுத்துரைத்தனர். அதுவே தூது ஆர்.என்.ஏ. ழக்கோப், சிட்னி பிரென்னர், மெசல்சன் ஆகிய மூவரும் அதனைச் சோதனையால் அவ்வாண்டிலேயே மெய்ப்பித்தனர். ழக்கோப்பும் மோனோவும் லுவோஃபும் 1965-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

ஓலை வந்தது, கம்மியர் யார்? ரைபோசோம் என்னும் நுண்துகளே அக்கம்மியர். அதுவும் பெரும்பாலும் ஆர்.என்.ஏ.வால் ஆகியது என்பதுதான் வியப்பு. அதன் வடிவத்தை அணு அணுவாகக் கண்டவர்களுள் ஒருவரே சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். பரோடாவில் வளர்ந்து இயற்பியல் பயின்ற அவர், 1976-இல் அமெரிக்காவில் அத்துறையிலேயே முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பின்னர், உயிரியலில் நாட்டம் கொண்டு மீண்டும் மாணவராக அமர்ந்து அதன் பாடங்களைக் கற்றார். கற்றவர் மறுபடியும் தொடக்கத்திலிருந்து கற்க முன்வருவது எளிதன்று. அத்துணிவே அவரை ரைபோசோமிடம் கொண்டு சேர்த்தது.

இனி நோயின் வரலாற்றுக்கு வருவோம். காசநோய்க்கு எதிராக 1943-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆராய்ந்து, 1948-இல் முடிவுகளை வெளியிட்டது. நோயாளிகள் முதலில் தேறினர். ஆனால் பலருடைய உடலில் கிருமிகள் அம்மருந்தை எதிர்த்து வாழப் பழகிவிட்டன. ஒரு மருந்து தனியே போதாது, பலவற்றைச் சேர்த்தே தரவேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று. அதே குழுவின் துணையோடு 1956-இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டால், வீட்டிலிருந்தபடியே பெறும் சிகிச்சையும் மருத்துவமனைச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்று 1959-இல் அந்நிலையம் உலகுக்கு உணர்த்தியது.

எனினும், அம்மருந்து கிருமியின் உள்ளே எதனைப் பற்றுகிறது, கிருமி அதிலிருந்து எவ்வாறு தப்புகிறது என்பவை கண்ணுக்குப் புலப்படாமலே இருந்தன. அதே குழு கேம்பிரிட்ஜில் நடத்திய மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்தில் இராமகிருஷ்ணன் பணியாற்றினார். வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அதன் சிறு பகுதியின் வடிவத்தை 2000-இல் அவரும் அவர் குழுவினரும் வெளியிட்டனர். ஸ்ட்ரெப்டோமைசின் அங்குள்ள ஆர்.என்.ஏ.வையும் அதனையடுத்த ஒரு புரதத்தையும் இறுகப் பற்றுவது அதில் தெரிந்தது. அவ்வாறு பற்றியதும் கிருமியின் கம்மியர் ஓலையைப் பிழைபடப் படிக்கின்றனர். பிழையான புரதங்கள் பிறக்கின்றன. பற்றுமிடத்தில் ஓரெழுத்து மாறினாலும் மருந்தின் பிடி நழுவிவிடும். 1948-இல் மருத்துவரை மலைக்க வைத்த எதிர்ப்பின் உட்காரணம் இதுவே. 2009-இல் அவருக்கும் தாமஸ் ஸ்டைட்சுக்கும் அதா யோனத்துக்கும் வேதியியல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இவ்வெழுத்துமாற்றம் மனிதரிடத்தும் நிகழ்வதுண்டு. நம் உயிரணுவில் ஆற்றலை ஆக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தனி ரைபோசோம் உண்டு. அது பாக்டீரியாவினுடையதைப் பெரிதும் ஒத்தது. தாய்வழியே வரும் ஓரெழுத்து மாற்றம் அதன் ஆர்.என்.ஏ.வில் இருப்பின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளால் செவித்திறனை இழக்க நேரிடலாம் என்று 1993-இல் கண்டனர். கிருமியை வீழ்த்தும் இடமும் மனிதருக்கு ஊறு நேரும் இடமும் ஆர்.என்.ஏ.வே ஆகின்றது.

ஆகவே மாணவர்களே, மருத்துவர் குறித்த நாள் முழுதும் மருந்தை உட்கொள்ளுங்கள் என்று சொல்வது வெறும் ஒழுங்குக்காக அன்று. இடையில் நிறுத்தினால் மடிவன மெலிந்த கிருமிகள். எஞ்சிப் பெருகுவன எழுத்து மாறிய கிருமிகள். அவ்வாறு பெருகியவை அண்டை வீட்டாரையும் பற்றும். பாரிசில் எழுந்த வினாவும், சென்னையில் நோயாளர் காட்டிய ஒழுங்கும், சிதம்பரத்தில் பிறந்தவரின் விடாமுயற்சியும் சேர்ந்து நமக்கு அளித்த அறிவு இது. அதனைக் காப்பது இனி உங்கள் கடமை.